திரும்பிப் போகிறவர்களுக்காக அமைந்த ஊர்

ஆம்ஸ்டர்டாமின் தெற்கு எல்லையை ஒட்டியிருக்கும் ஆம்ஸ்டெல்வேன், வேலைக்காக நெதர்லாந்து வரும் வெளிநாட்டுக் குடும்பங்கள் விரும்பி வீடு பார்க்கும் ஊர். ஸ்கிப்போல் விமான நிலையம் பக்கத்தில்தான். கே.எல்.எம். விமான நிறுவனத்தின் தலைமையகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சர்வதேசப் பள்ளி உண்டு, பெரிய காட்டுப் பூங்கா உண்டு, இட்லி அரிசியும் துவரம்பருப்பும் விற்கும் கடையும் உண்டு. ஐ.டி. வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் பெருகியதில், தீபாவளிக் கொண்டாட்டம் நகர மையத்துக்கே வந்துவிட்டது. இந்த வசதிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஊரில் வெளிநாட்டினருக்கென்று அமைந்த வாழ்க்கை, சில ஆண்டுகளில் ஊர் திரும்புகிறவர்களுக்கே பொருந்தும். தங்கிவிடப் போகிறவர்கள் அதற்குள் சுகமாக உட்கார்ந்துகொண்டால் பின்னால் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதே என் வாதம்.

இந்தியர்களுக்கு முன்பே இங்கே பெருமளவில் வாழ்ந்தவர்கள் ஜப்பானியர்கள். அவர்களில் பலரைக் கம்பெனி அனுப்பும், சில ஆண்டுகளில் கம்பெனியே திருப்பி அழைத்துக்கொள்ளும். ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஜப்பானியப் பள்ளி ஜப்பானின் பாடத்திட்டத்தையே நடத்துகிறது. ஊர் திரும்பும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடரலாம். காட்டுப் பூங்காவில் இருக்கும் 400 செர்ரி மரங்கள், 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய மகளிர் சங்கம் கொடுத்தவை. மரத்துக்கு ஒரு பெண்ணின் பெயர்: பாதி ஜப்பானியப் பெயர்கள், பாதி டச்சுப் பெயர்கள். வந்து போகிறவர்களும் ஓர் ஊரோடு மரியாதையான உறவு வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இந்தியக் குடும்பத்தின் நிலை வேறு. "ரெண்டு மூணு வருஷம் பார்ப்போம்" என்று வருகிறார்கள்; கம்பெனி மாறுகிறது, வீட்டுக் கடன் கிடைக்கிறது, இரண்டாவது குழந்தை பிறக்கிறது, தங்கிவிடுகிறார்கள். அரசின் விதிகளோ அவர்களைத் தற்காலிக விருந்தாளிகளாகவே நடத்துகின்றன. தகுதியுள்ள வெளிநாட்டு ஊழியருக்குச் சம்பளத்தில் 30 சதவீதம் வரை வரியில்லாமல் கொடுக்கலாம் என்ற சலுகை, 2019 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும். 2027இல் அது 27 சதவீதமாகக் குறைகிறது. உயர்திறன் ஊழியர் விசாவில் வருகிறவர் டச்சு மொழித் தேர்வு எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ கேட்கும்போது அதே தேர்வு வாசலில் நிற்கிறது, அதுவும் பெரும்பாலும் அந்த ஐந்தாம் ஆண்டில்தான். கையில் வரும் சம்பளம் சுருங்குவதும் தேர்வுக்கு உட்காருவதும் ஒரே நேரத்தில் வந்து சேருகின்றன. மனைவியின் பாடு இன்னும் கடினம். சட்டப்படி அவர் எந்த வேலைக்கும் போகலாம். ஆனால் டச்சு தெரியாமல் டச்சுப் பள்ளி ஆசிரியராகவோ செவிலியராகவோ நகராட்சி ஊழியராகவோ ஆவது கடினம்.

டச்சைத் தள்ளிப்போடும் இந்தத் தாமதம் பிள்ளைகள் விஷயத்தில்தான் அதிகம் உறுத்துகிறது. டச்சுத் தொடக்கப் பள்ளியில் நான்கு வயதில் சேர்க்கலாம், கட்டணம் கிடையாது. பன்னிரண்டு வயதுவாக்கில், பிள்ளை தொழிற்கல்விப் பக்கம் போவதா பல்கலைக்கழகப் பக்கம் போவதா என்று பள்ளி பரிந்துரை செய்கிறது. நான்கு வயதில் சேர்ந்த குழந்தைக்கு அதற்குள் எட்டு ஆண்டுகள் கிடைக்கும். சர்வதேசப் பள்ளியில் படித்துவிட்டு, கட்டணம் கட்டுப்படியாகாமல் பத்து வயதில் மாறும் குழந்தைக்கு இரண்டே ஆண்டுகள். கணக்கில் கெட்டிக்காரக் குழந்தையாக இருந்தாலும், கணக்கே டச்சு வாக்கியங்களில் வரும்போது திணறும்.

இங்கே எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்களே என்பார்கள். கடைக்காரர் பேசுவார், மருத்துவர் பேசுவார். ஆனால் வரித்துறைக் கடிதமும் நகராட்சி அறிவிப்பும் டச்சில் வரும். சாப்பாட்டு மேசையில் கடிதத்தை விரித்து, வரிவரியாகக் கைபேசியில் மொழிபெயர்த்துப் படிக்கிற குடும்பம் பத்தாம் ஆண்டிலும் அதையே செய்துகொண்டிருக்கும். டச்சுப் பள்ளிக்கு அனுப்பினால் தமிழ் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. அப்படியென்றால் சர்வதேசப் பள்ளியில் மட்டும் தமிழா நடக்கிறது? அங்கும் ஆங்கிலம்தானே. தமிழ் எங்கே படித்தாலும் வீட்டில் பேசினால்தான் நிலைக்கும். நாளைக்கே கம்பெனி வேறு நாட்டுக்கு அனுப்பினால் என்ன செய்வது என்ற கேள்விதான் உண்மையில் கனமானது. மாற்றல் உறுதி என்று தெரிந்தவர்களுக்குச் சர்வதேசப் பள்ளியே சரி. தெரியாதவர்கள், வீடு வாங்குவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய நாளிலாவது பள்ளியைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டினரால்தான் வீட்டு விலை ஏறியது என்று உள்ளூரில் ஒரு குறை உண்டு. அதிகச் சம்பளக்காரர்கள் ஒரே ஊரில் போட்டியிட்டால் விலை ஏறும் என்பது உண்மை. ஆயினும் நாடு முழுவதும் வீடுகள் போதவில்லை. நைட்ரஜன் மாசு தொடர்பான 2019ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு பல கட்டுமானத் திட்டங்களும் தேங்கின. இதற்கெல்லாம் பக்கத்து வீட்டு இந்தியர் பொறுப்பாக முடியாது. அவரை அழைத்து வந்த கம்பெனிக்கு ஒரு பொறுப்பு உண்டு: முதல் ஆண்டிலேயே, வேலை நேரத்திலேயே, ஊழியருக்கும் துணைவருக்கும் டச்சு வகுப்பு நடத்துவது. வரிச்சலுகையோடு இதையும் ஒரு நிபந்தனையாக அரசு சேர்க்கலாம்.