நாயின் பெயரும் கல்லில்

இறந்தவரை நினைவில் நிறுத்த நீண்ட புகழுரை தேவையில்லை. பெயரும் ஒரு செயலும் போதும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகல்லில் இருப்பவை சில சொற்களே: ஆநிரைப் பூசலில் மாண்டவன் பெயர், பூசல் நடந்த ஊர். சாவைச் சொல்லும் கல் வாழ்ந்த வாழ்வைச் சொல்லுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லைப் பாருங்கள். கருந்தேவக்கத்தி என்ற இறந்த வீரன் ஆயுதத்தோடு நிற்கிறான். பக்கத்தில் அவன் நாய். கள்வரைக் கடித்ததாம்! அவன் யாரோடு வாழ்ந்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழிந்தும் நாயின் பெயரை வாசிக்க முடிகிறது: கோவிவன்.