மலைச் சாலைப் பாதுகாப்பு பேருந்திலிருந்தே தொடங்குகிறது

2022 ஏப்ரல் 2, யுகாதி நாள். திருப்பத்தூர் மாவட்ட ஜவ்வாது மலையில், புதூர்நாடு அருகே புலியூரிலிருந்து சேம்பரை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மூன்று ஊராட்சிகளும் அதே மலையைச் சேர்ந்தவை. அவற்றின் சாலைகளில் செல்லும் அனைவருக்கும் அந்த விபத்தில் பாடம் இருக்கிறது.

சரக்கு வண்டியில் ஆளை ஏற்றினால் ஏன் ஆபத்து?

குட்டியானை போன்ற சரக்கு வண்டியில் சாமை மூட்டைகளை அடுக்கிக் கட்டினால் பாரம் தாழ்வாக, அசையாமல் இருக்கும். ஆட்கள் நின்றால் பாரம் மேலேறிவிடும். வளைவில் அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள். செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்னால் அழுந்தி, முன்சக்கரங்களின் பிடி தளரும். இஞ்சின் நின்றுபோனால் வண்டி பின்னோக்கி உருளும். இருக்கையோ பெல்ட்டோ இல்லாததால் கவிழும்போது ஆட்கள் வெளியே வீசப்படுவார்கள்.

இறக்கத்தில்?

பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பாலபாடம். குறுகிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கே முதலில் வழிவிட வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள்.

நடப்பவர்களுக்கும் பைக்கில் போகிறவர்களுக்கும்?

ஒருபுறம் பாறை, மறுபுறம் சரிவு என்ற சாலையில், விறகுக் கட்டோடு வரும் பெண்ணுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் ஒதுங்க இடமில்லை. ஊர்களை ஒட்டி நடைபாதை, வளைவுகளில் குவியாடி, புதர் வெட்டிய ஓரம், சரிவு நெடுக இரும்புத் தடுப்பு ஆகியவை வேண்டும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பைக்கில் பின்னால் உட்கார்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

அடிபட்டால்?

2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டில் சாலை விபத்தில் காயமடைபவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். ஆனால் மலையிலிருந்து கீழே வந்து சேரவே நேரம் பிடிக்கும். 108 வண்டி மலைமேலேயே நிற்பது அதனால் அவசியம்.

தீர்வின் தொடக்கம் எது?

சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். அபராதம் விதிப்பதும் சரியே. ஆனால் பேருந்து அரிதான ஊரில், சந்தைக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியவர்கள் கிடைத்த வண்டியில்தான் ஏறுவார்கள். வண்டியைப் பிடிக்கும் அரசு, அதில் வந்தவர்கள் ஊர்போய்ச் சேரவும் வழிசெய்ய வேண்டும். சந்தை நாளிலும் திருவிழா நாளிலும் கூடுதல் மினி பஸ், நேரம் தவறாத அன்றாடப் பேருந்து: மலை மக்களுக்கு இவை சலுகையல்ல, உயிர்க்காப்பு. சாலைப் பாதுகாப்புத் திட்டத்தில் தடுப்புச் சுவருக்கு ஒதுக்கும் அதே அக்கறையோடு பேருந்துக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.