புதுக்கார் ஏன் தூக்கிப் போடுகிறது?

புதுக்காரை வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், மாலை சாத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுக் கம்பம் பக்கம் திருப்பினால், அடுத்த ஊர் வேகத்தடையிலேயே பின்சீட்டிலிருந்து குரல் வந்துவிடும்: “என்னப்பா, பழைய வண்டியே தேவலாம் போலிருக்கே, இப்படித் தூக்கிப் போடுது!” பத்து லட்சத்துக்குமேல் கொடுத்து எடுத்தவருக்கு முகம் வாடிவிடும். ஷோரூமில் கேட்டால் “ஓட ஓடச் சரியாகிடும் சார்” என்பார்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டால் “ஸ்பிரிங்கை மாத்திருவோம்ணே” என்பார். இரண்டுமே அவசரப் பதில்கள். வண்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், தூக்கிப் போடுவது வண்டியின் இயல்பா பழுதா என்று பெரும்பாலும் நாமே பிரித்துவிடலாம்.

சக்கரத்துக்கும் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் நடுவே ஸ்பிரிங் வைக்கும் யோசனை காரோடு வந்ததல்ல. பண்ணை வீடுகளில் நின்ற வில்வண்டியின் அச்சுக்கு மேலே எஃகுப் பட்டைகள் அடுக்கடுக்காக வளைந்து கிடக்கும். கட்டைவண்டியில் போனவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். வில்வண்டியில் போனவருக்கு அந்த அவதி இல்லை. அந்தப் பட்டைகள் இரண்டு வேலை பார்த்தன. வளைந்துகொடுத்து அடியை வாங்கிக்கொண்டன. ஒன்றோடொன்று உரசி, ஆட்டத்தையும் அடக்கின.

இரண்டாவது வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்பிரிங் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. எவ்வளவு பாரம் ஏறுகிறதோ அதே விகிதத்தில் அமுங்கும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் எழுதிவைத்தார். அமுக்கிய சக்தியை அநேகமாக அப்படியே திருப்பியும் கொடுத்துவிடும். இன்றைய காரில் இருக்கும் சுருள் ஸ்பிரிங்கை மட்டும் நம்பி ஒரு பள்ளத்தைக் கடந்தால், அடுத்த தெரு வரைக்கும் வண்டி எழும்பி எழும்பித்தான் போகும். பட்டைகளின் உரசல் செய்த வேலையைச் சுருளில் செய்ய ஆளில்லை. அதற்காக வந்ததுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய், அதில் நகரும் பிஸ்டன், பிஸ்டனில் நுண்ணிய துளைகளும் வால்வுகளும். ஊசி போடும் சிரிஞ்சை மெதுவாக அழுத்தினால் மருந்து சுலபமாகப் போகும், வேகமாக அழுத்தினால் விரல் வலிக்கும் அல்லவா? அதே எதிர்ப்புதான் இங்கும். ஆட்டத்தின் சக்தி எண்ணெயில் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. மேடுபள்ளமான சாலையில் நெடுநேரம் ஓடிய வண்டியின் ஷாக் அப்சார்பர் சூடேறியிருப்பது இதனால்தான்.

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்னக் கார்களில் முன்பக்கம் சுருளும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கின்றன. எர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வகுத்த அமைப்பு அது. 1950இல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரில் இடம்பிடித்தது. 1983இல் வந்த மாருதி 800 அதை இந்தியத் தெருக்களெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குச்சட்டம் இருக்கும். விலை குறைவு, இடம் மிச்சம், பழுதும் அதிகம் வராது. ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறுபக்கத்துக்கும் அதில் கொஞ்சம் பங்கு போகும்.

இனி, ‘மெத்தென்று’ இருப்பதைப் பற்றி. நல்ல சஸ்பென்ஷன் என்றால் மெத்தை மாதிரி அமுங்க வேண்டும் என்று நினைக்கிறோம். அது சரியல்ல. காரின் உடல் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை மேலும் கீழும் ஆடும்படி வடிவமைக்கிறார்கள். நாம் நடக்கும்போது உடம்பு குலுங்கும் வேகம் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆகவே அது நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. நொடிக்கு நாலு முதல் எட்டு முறை வரையிலான ஆட்டத்தில்தான் வயிறும் முதுகும் அதிகம் அவதிப்படுகின்றன. மறுபக்கம், ஐந்து நொடிக்கு ஒரு முறை என்ற மந்தமான ஆட்டம் தலைசுற்றலையும் குமட்டலையும் தரும். மிதமிஞ்சிய மென்மையும் கேடுதான்.

ஆட்டத்தின் வேகத்தை ஸ்பிரிங்கின் விறைப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, மேலே ஏறியிருக்கும் எடையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. புதுக்கார் புகார்களில் பாதிக்கு விடை இங்கே இருக்கிறது என்பேன். ஸ்பிரிங்கை வடிவமைப்பவர், ஓட்டுநர் தனியாகப் போகும் நாளை மட்டும் நினைத்து வடிவமைக்க முடியாது. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் மூட்டை முடிச்சோடு குமுளி மலையேறும் நாளிலும் வண்டி தரைதட்டக் கூடாது. பின் அச்சின்மேல் காலியாக 450 கிலோ, ஆள் நிறைந்தால் 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிறைந்த வண்டி நொடிக்கு 1.3 முறை ஆடினால், அதே வண்டி காலியாக 1.6 முறை ஆடும். ஷோரூமிலிருந்து வண்டியைத் தனியாக ஓட்டிவருபவருக்குக் கடகடவென்று தெரிவது இந்த வித்தியாசம்தான். விடிகாலையில் கம்பம், கோம்பை, தேவாரம், போடி பக்கங்களிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளைக் கவனித்திருப்பீர்கள். ஆள் நிறைந்தபோது அமைதியாக ஓடும் பட்டை ஸ்பிரிங், ஆளை இறக்கிவிட்டதும் குதிக்க ஆரம்பித்துவிடும். அதற்காக அளவுக்குமேல் ஏற்றலாம் என்று பொருளில்லை. ஸ்பிரிங் அமுங்கும் தூரம் தீர்ந்துபோனால் ரப்பர் தடுப்பில் இடித்து, ‘டம்’ என்று அடி நேரே உடலுக்கு வரும். மலைவளைவில் அந்த வண்டி கவிழவும் வாய்ப்பு அதிகம். கூலிக்குப் போகிற பெண்களின் உயிர் அதில் இருக்கிறது.

பின்சீட்டுக்காரர்தான் முதலில் குறை சொல்வார் என்பதற்கும் காரணம் உண்டு. ரோல்ஸ் ராய்ஸில் இருந்து 1930இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்துக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், எடைகளை இடம் மாற்றி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரைச் செய்து ஓட்டிப் பார்த்தார். முன்சக்கரம் மேட்டில் ஏறிச் சற்று நேரம் கழித்தே பின்சக்கரம் ஏறுகிறது. இரண்டரை மீட்டர் அச்சு இடைவெளி உள்ள கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்தத் தாமதம் 0.18 நொடி. இரண்டு முனையும் ஒரே வேகத்தில் ஆடினால் கார் முன்னும் பின்னுமாக ஊசலாடிக்கொண்டே இருக்கும். பின்பக்க ஸ்பிரிங் சற்று வேகமாக ஆடினால், தாமதமாகக் கிளம்பினாலும் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். வண்டி சமதளமாக எழுந்து இறங்கும். இது ஆலியின் கண்டுபிடிப்பு. பின்பக்கம் விறைப்பாக இருப்பது பெரும்பாலும் தெரிந்தே செய்த ஏற்பாடு.

வேகத்தடையின் பங்கையும் சொல்லியாக வேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவாக, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒன்றைக் கடக்கச் சக்கரத்துக்கு அரை நொடி கிடைக்கிறது. நம் தெருக்களில் அரை மீட்டர் அகலத்தில் தார் குவித்துவைத்த தடையை அதே வேகத்தில் கடந்தால் கிடைப்பது 0.07 நொடி. எந்த ஷாக் அப்சார்பரும் அதைச் சமாளிக்காது. நெடுஞ்சாலையில் சந்திப்புகளுக்கு முன்னால் வரிசையாகப் போட்டிருக்கும் தடித்த வெள்ளைக் கோடுகள் இன்னொரு வகை. சக்கரமும் அச்சும் தம்மளவில் நொடிக்கு 10 முதல் 15 முறை துடிக்கும் இயல்புடையவை. கோடுகள் அரை மீட்டர் இடைவெளியில் இருந்தால், 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினொரு கோடு. துடிப்பு சரியாகப் பொருந்திவிடுவதால் வண்டியே கழன்றுவிடும் போல அதிரும். அது வண்டியின் குற்றமல்ல.

புதுக்காரில் நான் முதலில் பார்க்கச் சொல்வது டயர் காற்று. தொழிற்சாலையிலிருந்து லாரியேறி வந்து, யார்டில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிகளின் டயர் ஒரு பக்கமாகத் தட்டையாகிவிடாதிருக்கக் காற்றை அதிகமாக வைத்து அனுப்புவது வழக்கம். ஒப்படைப்பதற்குமுன் அதைக் குறைக்க வேண்டும். அவசரத்தில் அது விட்டுப்போவதுண்டு. 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 40 இருந்தால் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் சரியான அளவு இருக்கும். ஆள் நிறைந்தால் எவ்வளவு என்று பல வண்டிகளில் தனியாகவே போட்டிருப்பார்கள். காலையில், டயர் சூடேறுமுன் பார்ப்பது நல்லது. மலையேறும்போது காற்றைக் குறைக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். தேவையில்லை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானி ஒன்றரை பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். மேலே குளிர்வதால் அதில் ஒரு பகுதி கழிந்துவிடும்.

காற்றுக்கு அடுத்தது சக்கரத்தின் அளவு. ஒரே காரின் விலை கூடிய வகையில் பெரிய அலாய் சக்கரம் கொடுப்பார்கள். 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர் உயரம். 195/55 ஆர்16 டயரில் அது 107. பார்வைக்கு எடுப்பாக இருக்கும் சக்கரத்தில், ரப்பரும் காற்றும் வாங்க வேண்டிய அடியில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடுகிறது. மின்சாரக் கார்களில் பேட்டரியே நூற்றுக்கணக்கான கிலோ. அதைத் தாங்க ஸ்பிரிங் விறைப்பாகத்தான் இருக்கும். வாங்குவதற்கு முன்பே, எந்த வகையை எடுக்கிறோமோ அதே வகையில், வீட்டார் எல்லாரையும் ஏற்றி, நம் ஊர்த் தெருவிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் வாந்தியெடுப்பதற்கு ஸ்பிரிங்கை மாற்றிப் பயனில்லை. அங்கே வயிற்றைப் புரட்டுவது பக்கவாட்டில் வரும் மந்தமான ஆட்டம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நடுவில் பிரேக் பிடிக்காமல் சீராகத் திருப்பும் ஓட்டுநர்தான் அதற்கு மருந்து. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் உயரமான வண்டிகள் பக்கவாட்டில் அசைவதும் அப்படித்தான். அங்கே காற்றாலைகளைச் சுழற்றும் காற்றுதான் வண்டியையும் தள்ளுகிறது.

சரி, பழுது எப்போது? ஒரு மேட்டைக் கடந்தபின் வண்டி ஒரு முறை எழுந்து அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை எழும்பினால் ஷாக் அப்சார்பர் வேலை செய்யவில்லை. அதன் உடலில் எண்ணெய் வழிந்து, புழுதி அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். லேசான ஈரப்பசை மட்டும் இருந்தால் அது இயல்பாகவும் இருக்கலாம். சின்னச் சின்னக் குண்டு குழியில் ‘டொக் டொக்’ என்று ஒரே பக்கத்திலிருந்து சத்தம் வந்தால் லிங்க் ராடு, புஷ் அல்லது பால் ஜாயிண்ட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் விடுபடும் ஒலி கேட்டால், தூணின் மேல்முனை பேரிங். நேர்சாலையில் வண்டி இடப்பக்கம் மெல்ல ஒதுங்குவது நீர் வடியச் சாலையைச் சரித்திருப்பதாலும் இருக்கலாம். ஆள் இல்லாத இடத்தில், சரிவில்லாத தளத்தில் சோதித்த பிறகும் இழுத்தால் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங். இடது, வலது உயரத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

“ஓட ஓடச் சரியாகும்” என்பதில் துளி உண்மை உண்டு. புது ஷாக் அப்சார்பரின் சீலும் புது ரப்பர் புஷ்களும் தொடக்கத்தில் சற்று இறுக்கமாக இருந்து பின்பு இளகும். ஆனால் சத்தமும் எண்ணெய்க் கசிவும் ஓடினால் சரியாகாது. அவற்றுக்காகச் சர்வீஸ் நிலையம் போகும்போது, எந்த வேகத்தில், எந்தச் சக்கரத்தில், எத்தனை பேர் இருந்தபோது என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகலை வாங்கிக்கொள்ளுங்கள். டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தம் வரும் சாலையிலேயே ஓட்டிக் காட்டுங்கள். பிறகு அவர்களுடைய டெஸ்ட் டிரைவ் காரை, அதே மாடலாகவும் அதே காற்றழுத்தமாகவும் பார்த்து, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அது அந்த மாடலின் சுபாவம். வேறுபட்டால் உங்கள் வாதத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

இந்தச் சோதனை முடியுமுன் ஸ்பிரிங்கை மாற்றவோ, சுருளுக்கு நடுவே ரப்பர் வளையத்தைச் சொருகவோ வேண்டாம். அந்த வளையம் வண்டியை ஒரு விரற்கடை உயர்த்தும் என்று ஆசை காட்டி விற்கிறார்கள். சுருளின் ஒரு பகுதியை அது முடக்கிவிடுவதால் மிச்சமுள்ள சுருள் இன்னும் விறைப்பாகும்; வாரண்டியும் சிக்கலாகும். ஷாக் அப்சார்பர் கெட்டது உறுதியாகி மாற்றினால், முன்பக்கமோ பின்பக்கமோ, இரண்டையும் ஜோடியாக மாற்றச் சொல்லுங்கள். முன்தூணைக் கழற்றி மாட்டியிருந்தால், அலைன்மெண்ட் பார்த்த அச்சுத்தாளைக் கையில் வாங்கிய பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.