வடியும் இடமும் கசியும் இடமும்



காலையில் மோட்டார் வண்டியை வெளியே எடுக்கின்றீர்கள். வண்டி நின்ற சீமெந்துத் தரையிலே ஒரு கரிய வட்டம் தெரிகின்றது. நேற்றும் அது இருந்தது. இன்று சற்றுப் பெருத்திருக்கின்றது. எஞ்சின் எண்ணெய் ஒழுகுகின்றது என்பதில் ஐயமில்லை. எங்கிருந்து ஒழுகுகின்றது என்பதே கேள்வி. அதற்கு விடை காணாமலே திருத்த முற்படுவோர் படும் பாட்டை நான் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவன்.

என் தந்தையார் விட்டுச் சென்ற வண்டி ஒரு மொறிஸ் மைனர். 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே முதன்முதல் வெளிவந்த அவ்வின வண்டிகள் இன்றும் நம் நாட்டு வீதிகளில் ஓடுகின்றன. ஒருநாள் என் வண்டியின் கிளச் உறையின் அடியிலுள்ள சிறு துவாரத்தினின்று எண்ணெய் சொட்டக் கண்டேன். நகரத்துத் திருத்தகம் ஒன்றிலே காட்டினேன். பின்பக்கத் தாங்கி பழுது, எஞ்சினை இறக்கவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன செலவு என் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியது. அச்சத்தோடு வீடு திரும்பி, கைக்கு எட்டிய நட்டுகளையெல்லாம் பலங்கொண்ட மட்டும் இறுக்கினேன். ஒழுக்கு இரட்டித்தது!

அயலிலே வாழ்ந்த முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்தேன். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், முதலில் எஞ்சினைக் கழுவுங்கள், பிறகு கதைப்போம்" என்றார். அவ்வொரு வார்த்தையிலே இத்தொழிலின் பாதி அடங்கியிருக்கின்றது.

பள்ளிக்கூடத்தில் கூச்சல் கேட்கும் வகுப்பிலேதான் குழப்பத்தைத் தொடக்கியவன் இருப்பான் என்று கொள்ளமுடியாது. எண்ணெயும் அத்தகையதே. மேலே ஓரிடத்திற் கசிந்த எண்ணெய், எஞ்சினின் உடல் வழியே கீழிறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். ஈற்றில் மிகத் தாழ்ந்த விளிம்பிலே திரண்டு சொட்டும். ஆதலால் சொட்டும் இடத்தைக் கண்டு நோயை நிச்சயித்தல் கூடாது. நனைந்த இடங்களுள் எது மிக உயரத்தில் உள்ளதோ, அதுவே பெரும்பாலும் கசியும் இடம்.

அதனைக் காணும் முறை எளிது. முதலில், ஒழுகுவது எஞ்சின் எண்ணெய்தானா என்று பாருங்கள். ஒரு வெள்ளைக் கடதாசி அட்டையை இரவிலே வண்டியின் கீழ் வைத்தால், நிறமும் சொட்டும் இடமும் தெரியும். எஞ்சின் எண்ணெய் கபிலமாகவோ கறுப்பாகவோ இருக்கும். பிறேக் எண்ணெய் நீர்த்தது. அது ஒழுகுவதாகத் தோன்றினால் வண்டியை ஓட்டாதீர்கள்.

அடுத்து, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பின், மண்ணெண்ணெயும் தூரிகையுங் கொண்டு பழைய அழுக்கை நீக்கித் துடைத்து உலரவிடுங்கள். அருகிலே நெருப்பு ஆகாது. ஐயத்திற்குரிய மூட்டுகளின்மேல் முகப்பவுடரை மெல்லத் தூவுங்கள். பின்னர் திறந்த வெளியிலே எஞ்சினைப் பதினைந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, மின்சூளின் ஒளியில் மேலிருந்து கீழாகப் பாருங்கள். பவுடர் முதலில் நனைந்த கோடே உங்களுக்கு வழிகாட்டும். வண்டியின் கீழே செல்ல நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாது, உறுதியான தாங்கிகளை வையுங்கள்.

என் வண்டியிலே பவுடர் நனைந்த இடம், எஞ்சினின் உச்சியிலுள்ள மேல்மூடியின் பின்விளிம்பு. அங்கே தக்கையாலான காஸ்கெற் காய்ந்து வெடித்திருந்தது. எண்ணெய் எஞ்சினின் பின்புறமாக வழிந்து கிளச் உறையை அடைந்திருந்தது. நான் இறுக்கிய இறுக்கில் மெல்லிய தகட்டு மூடியும் வளைந்துபோயிற்று.

திருத்தமும் அரிதன்று. மேலேயுள்ள இரு நட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தோம். பழைய தக்கையின் துணுக்குகள் எஞ்சினுள் விழாதவாறு சுரண்டினோம். மூடியின் விளிம்பை ஒரு கண்ணாடித் தட்டின்மேல் வைத்துப் பார்த்து, வளைந்த இடத்தைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமன்செய்தோம். புதிய காஸ்கெற்றை மூடியோடு மாத்திரம் ஒட்டி, இரு நட்டுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கினோம். தக்கை நெரியுமட்டும் இறுக்குவது தவறு. எஞ்சினின் மூச்சுக்குழாயையும் கழுவினோம். அது அடைபட்டால் உள்ளே அமுக்கம் கூடி, நல்ல மூட்டிலும் எண்ணெய் வெளிப்படும்.

எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. அவ்வெஞ்சினின் பெருந்தண்டின் பின்முனையில் இறப்பர் அடைப்பு இல்லை. தண்டிலே திருகாணியின் புரிபோலச் செதுக்கிய வரியே, சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்புகின்றது. ஆகவே, வண்டியை நிறுத்தியபின் இரண்டொரு துளி விழுதல் இயல்பு. ஒழுக்கு மிகுந்து கிளச் வழுக்கத் தொடங்கினால் எஞ்சினை இறக்கவேண்டியதுதான். சூடான புகைபோக்கியின்மேல் எண்ணெய் வீழ்ந்து புகைந்தால், தீ மூளக்கூடும், தாமதிக்கலாகாது.

திருத்தும்வரை, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய்க் கோலை ஒவ்வொரு காலையும் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு எரியும்வரை காத்திராதீர்கள். ஓட்டத்தில் அது எரிந்தால் உடனே வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். எண்ணெயற்ற எஞ்சின் சில நிமிடங்களிலே இறுகிவிடும். கழித்த பழைய எண்ணெயை நிலத்திலே ஊற்றாதீர்கள். சுண்ணக்கல் நிலமாகிய யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நிலத்தில் ஊற்றியது கிணற்றைச் சென்று சேரும்.

எஞ்சினை இறக்காமலே என் வண்டி இன்றும் ஓடுகின்றது. காஸ்கெற்றின் விலை சொற்பம். கழுவிப் பாராமல் இறுக்கிய அன்றைய அவசரத்துக்கு நான் கொடுத்த விலை, அந்த வளைந்த மூடி. அதன் விளிம்பிலே சுத்தியல் பட்ட தழும்பு இன்றும் இருக்கின்றது.