சோற்றுக்கு அடியில் ஒரு சுழல்

உண்ணும் தட்டின் நடுவில், சோறு விழும் இடத்தில், யாராவது கோலம் போடுவார்களா? ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் போட்டிருக்கிறார்கள். காவிரி கடலைத் தொடும் பூம்புகாரிலும், அதே ஆற்றங்கரையில் மேற்கே உள்ள உறையூரிலும் அகழ்ந்தபோது கிடைத்த சாம்பல், கறுப்பு நிற ஓடுகளே சாட்சி. தொல்லியலார் அவற்றை ரௌலட்டட் மட்கலம் என்பார்கள்.

விளிம்பு உள்நோக்கி வளைந்த அகலத் தட்டு அது. நன்றாக அரித்தெடுத்த மண்; தட்டினால் கணீரென்று ஒலிக்கும் சூட்டில் வெந்தது. வெளிப்புறம் வெறும் வழவழப்புதான். உட்புறத்தில், தட்டையான அடியில், ஒரே மையத்தைச் சுற்றி இரண்டு மூன்று வட்டப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் குறுநொய் அளவில் புள்ளியும் முக்கோணமும் பிறையுமாக நெருக்கமான வெட்டுக் குறிகள். உணவு நிறைந்திருக்கும் வரை அவை தெரியாது. குறையக் குறைய வட்டம் வெளியே வரும். உண்டு முடிப்பவருக்கென்றே செய்த அலங்காரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் குறிகளைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். ஓடு அசைவதில்லை, பட்டை மெல்லச் சுழல்வது போலிருக்கும். சாய்ந்த சிறு குறிகளை வட்டமாக அடுக்கினால் கண் தடுமாறும் என்பது இன்று நன்கு தெரிந்த விஷயம். 1908-ல் உளவியலாளர் ஜேம்ஸ் ஃபிரேசர் வெளியிட்ட படத்தில் இருப்பவை முழு வட்டங்கள்தான், பார்ப்பவருக்கோ அவை உள்நோக்கிச் சுழலும் சுருளாகவே தெரியும். நம் பக்கத்துக்கும் கண்மயக்கு புதிதல்ல. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் ஒரே தலையை யானையும் காளையும் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தை, ஓர் உடலைக் கையால் மறைத்து மறைத்துப் பார்க்காத டெல்டாப் பிள்ளை உண்டா? அது 12-ஆம் நூற்றாண்டின் கல். இந்தத் தட்டு அதற்கும் ஆயிரம் ஆண்டு மூத்தது.

எப்படிச் செய்தார்கள்? பல் வைத்த சிறு உருளையை ஈரமண்ணில் ஓட்டினார்கள் என்று கருதியே ரௌலட்டட் என்ற பெயர் வந்தது. இன்னொரு விளக்கமும் உண்டு. பாதி காய்ந்த தட்டைத் திருகையில் சுழலவிட்டு, வளையக்கூடிய மெல்லிய தகட்டை அதன்மேல் பிடித்தால், தகடு துள்ளித் துள்ளி விழும். ஒவ்வொரு துள்ளலும் ஒரு வெட்டு. எனக்குப் பிடித்தது இதுதான். அப்படியானால் அந்தச் சித்திரம் சக்கரமே தன் ஓட்டத்தை மண்ணில் எழுதிவைத்தது. நம் கண்ணில் மீண்டும் அது ஓடுவதில் வியப்பென்ன?

1945-ல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இந்த ஓடுகளை ரோமானியச் சாடிகளோடு சேர்த்துக் கண்டெடுத்தார். கூட்டாளியைப் பார்த்து ஊரைத் தீர்மானிப்பதுபோல, இந்த வேலைப்பாடும் மத்தியதரைக் கடல் பக்கத்து நுட்பம் என்றே முடிவு கட்டினார். பிறகு விமலா பெக்லி போன்ற ஆய்வாளர்கள் இவை இந்தியக் குயவர் கைவேலை என்று வாதிட்டார்கள். 1997-ல் விஸ்வாஸ் கோக்டே ஓடுகளின் மண்ணை எக்ஸ்-கதிர் கொண்டு சோதித்து, வங்காளத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதியைக் காட்டினார். கங்கையின் கழிமுக மண்!

இதைப் படித்தபோது என் நினைவு பட்டினப்பாலைக்குப் போனது. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பண்டங்களைச் சொல்லும் அந்நூல் கங்கைச் செல்வத்தையும் சொல்கிறது. அந்தக் குவியலில் இந்தத் தட்டுகளும் வைக்கோலில் பொதிந்து கிடந்திருக்கலாம். ஈழத்தின் அனுராதபுரம் வரை, பாலித் தீவின் செம்பிரான் வரை போய்ச் சேர்ந்த சரக்கல்லவா? வண்டல் கொழித்த சோழநாட்டில் மண்ணுக்கா பஞ்சம்! இருந்தும் கடல்வழி வந்த இந்தத் தட்டை இங்கே வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சுழல் கோலத்தில் ஏதோ ஒன்று அவர்களைப் பிடித்திழுத்திருக்க வேண்டும்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. நம் டெல்டாவில் திருகை சுற்றும் குயவர் ஒருவர் இந்தத் தட்டை அதே அளவில், அதே குறிகளோடு வனைந்து தர வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். தஞ்சாவூர்ப் பள்ளிப் பிள்ளை ஒன்றை உட்கார வைத்து, அதில் சுடச்சுட சோறு போட்டுக் குழம்பு ஊற்ற வேண்டும். கடைசிக் கவளத்தை வழித்தெடுக்கும்போது அந்தக் கண்கள் விரிவதை நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.