நம் ஊர்க் காற்றை யார் அளப்பது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள பாப்பன்குப்பம், சித்தராஜகண்டிகை, பெத்திக்குப்பம் போன்ற ஊர்களில் நீங்கள் வசிப்பவரானால், தேர்வுக்காகப் பின்னிரவில் விழித்துப் படிக்கும்போது ஒரு நெடியை உணர்ந்திருப்பீர்கள். சில நாள் சுட்ட இரும்பின் நெடி, சில நாள் தொண்டையைக் காறச் செய்யும் கந்தக நெடி. மறுநாள் காலை தேநீர்க் கடையில், "ராத்திரி ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திறந்து விட்டுட்டான்" என்பார் ஒருவர். "எழுதிப் போட்டு என்ன ஆகப் போவுது? எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்குன்னு பதில் வரும்" என்பார் இன்னொருவர்.

இவ்விரு பேச்சுகளிலும் அரசின் மீதும் ஆலையின் மீதும் ஓர் அவநம்பிக்கை தொனிக்கிறது. அது சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல நாம் புறப்படவில்லை. அறிவியல் மாணவரான உங்களுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. நம்பாதவர் தாமே அளந்து பார்க்க வழி உண்டா என்று கேட்பதே அந்த வேலை.

நம்மிடம் இயற்கையாகவே ஓர் அளவுகோல் இருக்கிறது, அதுதான் மூக்கு. அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு, 100 கோடிப் பங்கு காற்றில் சில பங்கே கலந்திருந்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும். விலையுயர்ந்த கருவிகள் பலவற்றுக்கு இத்தனை நுண்மை இல்லை. ஆனால் இதே வாயு 10 லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மூக்கின் நரம்புகள் மரத்துப் போகின்றன. ஆபத்து மிகுந்த நேரத்தில் "நாற்றம் போய்விட்டது" என்று மூக்கு பொய் சொல்லும்! கார்பன் மோனாக்சைடுக்கோ மணமே கிடையாது. ஆகவே மூக்கு நல்ல காவல்காரன். ஆனால் நல்ல கணக்கன் அல்லன்.

அந்தக் காவல்காரனின் சாட்சியத்தையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். இரவில் நெடி மிகுவதற்கு ஆலைக்காரர் இரவில் திறந்து விடுவதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பகலில் வெயிலால் சூடான தரை, தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழுகிறது. புகையும் அதனுடன் மேலே போய்க் கலைந்துவிடுகிறது. தெளிந்த வானமுள்ள இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்ந்து கனமாகித் தங்குகிறது. மேலே வெப்பக் காற்று ஒரு மூடியைப் போல நிற்கும். இதனை வெப்பத் தலைகீழ் அடுக்கு என்பர். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் புகை படுக்கை விரித்தாற்போல் வயல்மேல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் இது. ஆலை பகலிலும் இரவிலும் ஒரே அளவு புகையை விட்டாலும் இரவில் நமக்கு வந்து சேரும் பங்கு கூடும். ஆலை உண்மையிலேயே இரவில் கூடுதலாக விடுகிறதா என்பதை நெடியை மட்டும் கொண்டு சொல்ல இயலாது.

சரி, அரசின் அளவு என்ன சொல்கிறது? கும்மிடிப்பூண்டி அந்தோணி பிள்ளை நகரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் ஒன்று உண்டு. மத்திய வாரியத்தின் இணையதளத்தில் அதன் அளவுகளை எவரும் பார்க்கலாம். ஆனால் அதில் வரும் "காற்றுத் தரக் குறியீடு" எட்டுப் பொருள்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. நுண்தூசி இருவகை, நைட்ரஜன் டையாக்சைடு, கந்தக டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, காரீயம் ஆகியவை அவை. அழுகிய முட்டை நாற்றம் இப்பட்டியலில் இல்லை. ஊர் நாறும்போதும் குறியீடு "திருப்திகரம்" என்று காட்டக்கூடும்; அதில் பொய் ஏதும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அம்மோனியாவுக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம். ஓர் இரவில் ஒரே ஒரு மணி நேரம் 2,400 மைக்ரோகிராம் அம்மோனியா வீசி, மற்ற 23 மணி நேரமும் சிறிதும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,400-ஐ 24-ஆல் வகுத்தால் 100. வரம்பில் கால் பங்குதான்! இருமித் தவித்தவரின் ஒரு மணி நேரம் சராசரிக்குள் கரைந்துவிட்டது. "அளவுக்குள்தான் இருக்கிறது" என்ற பதிலும் மெய். தொண்டை எரிந்ததும் மெய்.

இதெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு என்று எண்ணாதீர்கள். கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி நடந்ததைப் பாருங்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து திரவ அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி விழித்தனர். ஒருவரையொருவர் தட்டி எழுப்பினர். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறியும் நடந்தும் வெளியேறினர். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குச் சென்றனர். முன்னெச்சரிக்கை எதுவும் தங்களுக்கு வரவில்லை என்று அம்மக்கள் பின்னர் முறையிட்டனர். அன்றிரவு அவர்களைக் காத்தது அவர்களுடைய மூக்கும் அண்டை வீட்டாரின் குரலும்தான்.

கசிவுக்குப் பிறகு ஆலையின் வாயிலருகே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஒரு கன மீட்டரில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. குழாயருகே கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம். இதற்கு வரம்பு 5. காற்றின் அளவை நீங்களே மாற்றிப் பாருங்கள். அம்மோனியாவின் மூலக்கூறு எடை 17. அறை வெப்பத்தில் ஒரு மோல் வாயு சுமார் 24.5 லிட்டர் இடம் கொள்ளும். கணக்கிட்டால் 10 லட்சத்தில் ஏறக்குறைய 3 பங்கு வரும். அம்மோனியாவின் நெடியே பலருக்கு 5 பங்குக்கு மேல்தான் தெரியத் தொடங்கும்! அப்படியானால் மூச்சுத் திணறியவர்கள் இதைவிடப் பல மடங்கு மிகுதியான அம்மோனியாவை வேறு இடத்தில், வேறு நேரத்தில் சுவாசித்திருக்க வேண்டும். அந்த நிமிடத்தில் அவர்கள் வாசலில் அளக்க யாரும் இல்லை. எண் சரியானதே, ஆனால் "எங்கே, எப்போது அளந்தது?" என்ற கேள்வி இல்லாமல் எந்த எண்ணும் முழுமையாகாது.

அந்த நிமிடத்துக் காற்றைப் பிடித்து வைக்க வழி உண்டா? உண்டு. அதற்கு ஒரு பிளாஸ்டிக் வாளியே போதும் என்றால் வியப்பீர்கள்.

1995-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பெட்ரோலிய ஆலை ஒன்றின் மீது மக்கள் சார்பில் வழக்கு நடத்திய எட்வர்ட் மாஸ்ரி என்ற வழக்கறிஞர், அவ்வாலையின் புகையால் தாமே நோயுற்றார். அரசு அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். "எங்கள் கருவிகளில் ஒன்றும் தெரியவில்லையே" என்று பதில் வந்தது. சினமுற்ற அவர், பாமரரும் இயக்கக்கூடிய மலிவான கருவி ஒன்றைச் செய்து தருமாறு பொறியாளரிடம் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் "வாளி". பின்னர் டென்னி லார்சன் என்பவர் இதை எளிமையாக்கிப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றார்.

இதன் தத்துவம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நுரையீரல் வேலை செய்வதை விளக்க, மணி வடிவக் கண்ணாடிச் சாடிக்குள் இரு பலூன்களைக் கட்டி, அடியிலுள்ள ரப்பர் தாளைக் கீழே இழுத்துக் காட்டுவார்களே, நினைவிருக்கிறதா? சாடிக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று குழாய் வழியே புகுந்து பலூன்கள் உப்புகின்றன. வாளியும் அதுவே. காற்றுப் புகாத மூடியிட்ட வாளிக்குள் டெட்லார் என்னும், வாயுக்களுடன் எளிதில் வினைபுரியாத பிளாஸ்டிக்கால் ஆன பை ஒன்று தொங்குகிறது. பையின் வாய் மட்டும் ஒரு குழாய் வழியே வெளியே திறந்திருக்கும். மூடியிலுள்ள மற்றொரு துளை வழியாக வாளிக்குள் இருக்கும் காற்றைப் பம்பினால் உறிஞ்சி எடுத்தால், பை தானே உப்பி வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். நேராகப் பம்பு கொண்டு பையை நிரப்பினால் என்ன என்று கேட்கலாம். நிரப்பினால் காற்று பம்பின் வழியே போக வேண்டும். பம்பிலுள்ள எண்ணெயும் அழுக்கும் காற்றோடு சேர்ந்துவிடும். வாளி முறையில் பைக்குள் போகும் காற்று பம்பைத் தொடுவதே இல்லை. சில நிமிடங்களில் பை நிறைந்துவிடும். அதை மூடி, நேரத்தையும் இடத்தையும் எழுதி, விரைவில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே கலவையைத் தனித்தனி வாயுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள்.

நம் தமிழ்நாட்டில் இதைச் செய்து காட்டியவர்கள் கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு முதலிய ஊர்களின் மக்கள். 2004-ல் அவர்கள் பயிற்சி பெற்று, நெடி வீசும்போது வாளியால் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். பென்சீன் போன்ற புற்றுநோய் விளைவிக்கும் பொருள்கள் உட்பட 20-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் தெரியவந்தன. அந்நாளில் இந்தியாவின் காற்றுத் தர விதிகளில் பென்சீனுக்கு வரம்பே இல்லை. 2009-ல் வெளியான புதிய விதிகளில்தான் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம் என்று அது இடம்பெற்றது. வரம்பு இல்லாத பொருளை வரம்பு மீறியது என்று எப்படிச் சொல்வது? ஆகவே கடலூர்க்காரர்கள் அமெரிக்க வரம்புகளோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

வாளிக்கும் குறைகள் உண்டு. சோதனைக்கூடச் செலவு மிகுதி. ஒரு பை ஒரு சில நிமிடக் காற்றையே சொல்லும். "மிக மோசமான நேரம் பார்த்துப் பிடித்தீர்கள்" என்று எதிர்த்தரப்பு சொன்னால் அது உண்மையே. அதனால்தான் நல்ல குழுவினர் காற்றுவரும் திசையில், ஆலைக்கு முன்புறமும் ஒரு பை பிடிப்பார்கள். தூய காற்று நிரப்பிய பை ஒன்றையும் சேர்த்தனுப்புவார்கள். அந்தத் தூய பையிலும் பென்சீன் வந்தால் பிழை தம் பையில்தான். அரசை நம்பாதவர் தம்மையும் அதே கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. என் கருத்தில் இதுதான் இம்முறையின் மிகக் கடினமான பகுதி.

இனி, ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வது? 1984-ல் போபாலில் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தபோது பலர் காற்று வீசிய திசையிலேயே ஓடினர். வாயுவும் உடன் ஓடியது. காற்றுக்குக் குறுக்காக ஓட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. புகையோட்டம் நீளமாக இருக்கும், அகலம் குறைவாக இருக்கும். குறுக்கே சென்றால்தான் விரைவில் வெளியேறலாம். அம்மோனியாவாக இருந்தால் ஈரத்துணி கைகொடுக்கும். நவச்சாரத்தையும் நீற்றிய சுண்ணாம்பையும் சூடாக்கி அம்மோனியா தயாரித்து, அதில் நீரூற்று பீய்ச்சும் சோதனையைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். ஒரு பங்கு நீர் ஏறக்குறைய 700 பங்கு அம்மோனியாவைக் கரைத்துக்கொள்ளும். எனவே மூக்கின்மேல் கட்டிய ஈரத்துணி சில நிமிட அவகாசம் தரும். அவ்வளவுதான், அது முகக்கவசம் ஆகாது. அம்மோனியா காற்றைவிட இலேசானது என்பதால் தரையோடு குனிந்து போகலாம் என்றும் எண்ண வேண்டாம். −33 டிகிரி குளிரில் கசிந்து வரும் அம்மோனியா, காற்றின் ஈரத்தோடு பனிமூட்டமாகித் தரையிலேயே தவழும். வெளியேற வழியில்லையெனில் சன்னல், கதவுகளை மூடி, இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகி, மின்விசிறியை நிறுத்திவிட்டு 112-ஐ அழையுங்கள்.

இவற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் உண்மையில் ஆலையினர். 1989-ன் அபாயகர வேதிப்பொருள் விதிகளின்படி, பெரும் விபத்து நேரக்கூடிய ஆலை, வெளியே வசிப்போருக்கு ஆபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியதையும் அறிவிக்க வேண்டும். ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒத்திகை பார்க்க வேண்டும். "எங்கள் ஊரில் கடைசி ஒத்திகை என்று நடந்தது?" என்று 2005-ன் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தை உங்கள் வீட்டுப் பெரியவர் கையெழுத்திட்டு அனுப்பலாம்.

நீங்கள் இன்றிரவே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. (வாயுவைத் தேடி ஆலைப் பக்கம் போக வேண்டாம், வீட்டு மாடியே போதும்.) மாடியில் ஒரு கழியில் மெல்லிய துணிப்பட்டை கட்டுங்கள். நெடி வந்தால் நாள், மணி, நெடியின் வகை, துணி பறக்கும் திசை, எத்தனை நிமிடம் நீடித்தது என்பவற்றைக் குறியுங்கள். நெடி இல்லாத இரவுகளையும் குறியுங்கள். காற்றே அசையாத இரவுகளில் மட்டும் நெடி வந்தால் தலைகீழ் அடுக்கின்மேல் ஐயம் கொள்ளலாம். நல்ல காற்று வீசும் இரவிலும் ஒரே மணிக்குத் தொடங்கி ஒரே மணிக்கு நின்றால் ஆலையைக் கேட்க வேண்டிய கேள்வி அது. வேறு தெருவிலுள்ள நண்பர் ஒருவரும் இப்படிக் குறித்து வரட்டும். இரண்டு மாதம் கழித்து ஊர் வரைபடத்தில், ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் காற்று வந்த திசை நோக்கிக் கோடு வரையுங்கள். ஒரே நெடிக்குரிய கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பாருங்கள். மூன்றாவதாக ஓர் ஊரிலிருந்தும் ஒருவர் சேர்ந்தால், மூன்று கோடுகளும் ஒரு சிறு முக்கோணத்தை உண்டாக்கும். நெடி புறப்படும் இடம் பெரும்பாலும் அதற்குள்ளோ அதன் அருகிலோ இருக்கும்.