செல்போனில் ராப் பாட்டு: ஆவடி வீட்டிலிருந்து தொடங்குவது எப்படி?

உங்களிடம் ஒரு செல்போன் இருக்கிறது. மனதில் நாலு வரி ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கப் பணம் இல்லை. ஒரு ராப் பாட்டை முழுதாகச் செய்து வெளியிட முடியுமா?

முடியும். ஆனால் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பீட் (பாட்டுக்கு அடியில் ஓடும் தாளமும் இசையும்) போடுபவர், குரலைப் பதிவு செய்பவர், பாட்டை வெளியிடும் கம்பெனி, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பவர் என்று நாலு பேர் செய்துவந்த வேலை இனி உங்கள் ஒருவர் தலையில். செலவு போய்விட்டது, பொறுப்பு போகவில்லை. அந்தப் பொறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யாராவது உண்மையில் இப்படிச் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். மும்பை குர்லாவைச் சேர்ந்த ராப்பர் நேஸி, 2014-ல் ‘ஆஃபத்’ பாட்டை ஒரு ஐபேடை வைத்தே செய்தார். பீட்டை இணையத்திலிருந்து இறக்கி, குரலை அதிலேயே பதிந்து, வீடியோவையும் அதிலேயே எடுத்தார். 2019-ல் வந்த ‘கல்லி பாய்’ படத்துக்குத் தூண்டுதலாக இருந்த இருவரில் அவர் ஒருவர், மற்றவர் ராப்பர் டிவைன்.

அமெரிக்காவில் இசைக்கலைஞர் ஸ்டீவ் லேசி, ராப்பர் கென்ட்ரிக் லமாரின் ‘பிரைட்’ பாட்டுக்கான இசையை ஐபோனில் தொடங்கினார். அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘டேம்’ ஆல்பம் 2018-ல் புலிட்சர் பரிசு வாங்கியது.

தமிழில் பாதை வேறு மாதிரி வந்தது. மலேசியாவில் யோகி பி, நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ ஆல்பம் 2006-ல் வெளியானது. ‘ஹிப்ஹாப் தமிழா’ குழுவின் ஆதியும் ஜீவாவும் 2012-ல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். பிறகு வந்த அறிவு உங்கள் லைன்காரர்: ஆவடியில் நீங்கள் ஏறும் லோக்கல் ரயில் போய் நிற்கும் அரக்கோணம் அவர் ஊர். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பாடியவர், 2019-ல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் ‘தெருக்குரல்’ ஆல்பம் வெளியிட்டார். இவர்கள் செல்போனில் செய்ததாக நான் சொல்லவில்லை. சினிமா வாய்ப்புக்குக் காத்திருக்காமல் தன் ஊர்ப் பேச்சில் தன் பாட்டைத் தானே வெளியிடலாம் என்று காட்டியவர்கள் இவர்கள். அந்த வழியில் இறங்க ஆகும் செலவைத்தான் செல்போன் குறைத்திருக்கிறது.

செல்போனில் செய்தால் அது ‘ஒரிஜினல்’ ஹிப் ஹாப் ஆகுமா?

ஹிப் ஹாப் பிறந்ததே கையில் கிடைத்ததை வைத்துத்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தைத் தொடக்கமாகச் சொல்வார்கள். பழைய இசைத்தட்டுகளில் தாளம் மட்டும் வரும் இடத்தை இரண்டு பிளேயர்களில் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார் அவர். வாத்தியம் வாங்க வசதி இல்லாதவர்கள் இசைத்தட்டையே வாத்தியமாக்கினார்கள்.

அந்த வரலாறு உங்கள் திரையிலும் இருக்கிறது. பீட் ஆப்பில் வரிசைக்கு நாலாகப் பதினாறு கட்டங்கள் தெரிகின்றனவே, அவை 1988-ல் வந்த அகாய் எம்பிசி 60 என்ற கருவியின் பதினாறு பட்டன்கள். ‘808’ என்று எழுதியிருக்கும் அதிரும் அடி, 1980-ல் ரோலண்ட் கம்பெனி கொண்டுவந்த தாளக் கருவியின் பெயர். ஆகவே மனக்குறை வேண்டாம்.

எந்த ஆப்பில் தொடங்குவது?

ஆண்ட்ராய்டு போன் என்றால் பேண்ட்லேப். சிங்கப்பூர் கம்பெனியுடையது, இலவசம். பாட்டு இணையத்தில் சேமிக்கப்படுவதால், நீங்கள் ஆவடியிலும் நண்பர் அம்பத்தூரிலும் இருந்தபடி ஒரே பாட்டில் வேலை செய்யலாம். ஐபோன் என்றால் கராஜ்பேண்ட் இலவசம். எஃப்எல் ஸ்டுடியோ மொபைல் காசு கொடுத்து வாங்குவது; பீட் போடுவதில் கை தேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

கோலா சேம்ப்ளர் என்று இன்னொன்று உண்டு. இதுவும் விலைக்குத்தான். சுற்றியிருக்கும் எந்தச் சத்தத்தையும் மைக்கில் பிடித்து ஒரு கட்டத்தில் வைத்துத் தட்டலாம். கொத்து பரோட்டா கல்லில் விழும் அடி, ரயில் தண்டவாளச் சத்தம், கோயில் மணி எல்லாமே பீட் ஆகும். நீங்களே பதிந்த சத்தம் என்பதால் உரிமைச் சிக்கலும் வராது.

ஒரே எச்சரிக்கை: ஆப் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒன்றில் ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

சங்கீதம் தெரியாமல் பீட் போட முடியுமா?

முடியும். முதலில் வேகத்தை முடிவு செய்யுங்கள். ஆப்பில் அது பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) என்று இருக்கும். பழைய பாணி ராப்புக்கு 85 முதல் 95 வரை வைத்துப் பாருங்கள். ட்ராப் என்ற புதிய பாணிக்கு 130-க்கு மேல்.

குத்தும் கானாவும் கலக்க வேண்டுமா? அங்கேதான் பலர் தடுக்கிவிழுகிறார்கள். ஆப் திறந்ததும் 4/4 தாளத்தில்தான் (நாலு நாலாக எண்ணும் கணக்கு) இருக்கும். நம் குத்துத் தாளம் பெரும்பாலும் 6/8, அதாவது ஆறு ஆறாக எண்ணுவது. அமைப்பில் இதை மாற்றாமல் எவ்வளவு தட்டினாலும் குத்து உட்காராது. தப்பு உங்கள் கையில் இல்லை.

வரிகளை எப்படி அமைப்பது?

தமிழ் வினைச்சொற்கள் ‘-கிறேன்’, ‘-கிறான்’, ‘-ட்டான்’ என்று ஒரே மாதிரி முடிவதால் வரியின் கடைசியில் ஓசை ஒத்துப்போவது சுலபம். சுலபம் என்பதாலேயே நாலு வரியில் சலித்துவிடும். எதுகையை (வரிகளின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது) சேர்த்துப் பாருங்கள். வரி தொடங்கும் இடத்திலேயே ஓசை கட்டும், அது தாளத்தின் முதல் அடியில் விழும். எழுதியதை பீட்டோடு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூச்சு வாங்க இடமில்லாத வரியில் இரண்டு சொல்லை வெட்டுங்கள்.

வீட்டில் பதிவு செய்தால் ஏன் கிணற்றுக்குள் பேசுவது போல வருகிறது?

அறைதான் காரணம். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் குரலைத் திருப்பி அடிக்கின்றன. துணி அதை உறிஞ்சிக்கொள்ளும். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதைப் பார்த்துப் பாடுங்கள். முதுகுப் பக்கம் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். கட்டில் மெத்தையைச் சுவரில் சாய்த்தாலும் பலன் உண்டு. மைக் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நல்ல மைக் கெட்ட அறையை இன்னும் தெளிவாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, ஒரு டேக் சில நிமிடம்தான். வீடு ரயில் பாதைக்குப் பக்கம் என்றால் ஹார்ன் கேட்டதும் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள். பின்னால் அழித்துக்கொள்ளலாம் என்று விட்டால் குரலும் சேர்ந்து கெடும். பாதியில் போன் அழைப்பு வராதபடி ‘தொந்தரவு செய்யாதே’ வசதியைப் போட்டுவையுங்கள்.

போனின் மைக் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். அதை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் ‘ப’ எழுத்து வரும்போதெல்லாம் காற்று மோதி ‘டப்’ என்று கேட்கும். ஒலி அளவு காட்டும் கோடு சிவப்பைத் தொடவே கூடாது. சிவப்பில் பதிந்த குரலைப் பிறகு சரிசெய்ய முடியாது.

பீட்டோடு சரியாகத்தான் பாடினேன், கேட்டால் குரல் பின்தங்குகிறதே?

புளூடூத் இயர்போன் போட்டிருப்பீர்கள். அதில் சத்தம் வந்துசேர ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் மேல் தாமதமாகும். பாட்டு கேட்கும்போது இது தெரியாது. ராப்பில் தெரியும். 90 பிபிஎம் வேகத்தில் ஓர் அடிக்கு நாலு அசை வீதம் சொன்னால், ஓர் அசைக்குக் கிடைப்பதே ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்குதான். அந்தத் தாமதம் கிட்டத்தட்ட ஓர் அசையைத் தின்றுவிடுகிறது. வயர் உள்ள இயர்போன் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த முயற்சியில் நீங்கள் கட்டாயம் வாங்க வேண்டிய பொருள் அது ஒன்றுதான்.

பாடி முடித்த பிறகு மிக்ஸிங் (குரலையும் இசையையும் அளவாகச் சேர்ப்பது) வேலை. முதலில் ஒரே விதி போதும்: சொல் புரிய வேண்டும். இயர்போனில் கேட்டு முடித்ததும் போன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேளுங்கள். கேட்பவர்கள் பலர் அதில்தான் கேட்கப்போகிறார்கள்.

சினிமாப் பாட்டில் பத்து வினாடி எடுத்துக்கொண்டால் தப்பில்லை என்கிறார்களே?

சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இத்தனை வினாடிவரை இலவசம் என்று எங்கும் சொல்லவில்லை. ஒரு பாட்டில் இரண்டு வகை உரிமைகள் உண்டு: மெட்டும் வரியும் ஒரு பக்கம், பதிவான ஒலி இன்னொரு பக்கம். துண்டை வெட்டி ஒட்டினால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் யூடியூபின் தானியங்கிச் சோதனை கண்டுபிடித்துவிடும். வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது பாட்டே முடங்கும்.

யூடியூபில் ‘ஃப்ரீ பீட்’ என்று போட்டிருந்தால்?

விவரத்தைக் கடைசிவரை படியுங்கள். பழகிப் பார்க்க மட்டும் இலவசம், பணம் சம்பாதித்தால் வாங்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். விலை கொடுத்து வாங்கினாலும் அது பொதுவாக லீஸ் (பயன்படுத்த மட்டும் அனுமதி). அதே பீட்டை இன்னொருவரும் வாங்கியிருக்கலாம். அவர் பாட்டு முந்திக்கொண்டால் உங்கள் பாட்டின் மீது உரிமைப் புகார் வரும். அப்போது காட்ட ரசீதும் அனுமதிக் கடிதமும் கையில் இருக்க வேண்டும்.

நண்பர் பீட் போட்டுத் தந்தால்கூட எழுதிவையுங்கள். யார் பீட், யார் வரி, யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். பாட்டு ஓடாதவரை இது வேண்டாத வேலையாகத் தெரியும். ஓடிய பிறகு கேட்டால் நட்பு கெடும்.

ஏஐயில் பெரிய பாடகர் குரலை வைக்கலாமா? அனுமதி இல்லாமல் வைக்காதீர்கள். 2024-ல் ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை ஏஐ மூலம் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் சொன்னார். அவருக்கே அந்த வழி என்றால் நமக்கும் அதுதான்.

பணம் வருமா?

உடனே வராது. வழக்கமான நீள வீடியோக்கள் வழியாக யூடியூப் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஸ்பாட்டிஃபை, 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்ட பாட்டுக்குத்தான் பணம் கணக்கிடுகிறது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு நேரடியாகப் பாட்டை அனுப்ப முடியாது; விநியோக நிறுவனம் (பாட்டைத் தளங்களில் சேர்க்கும் இடைத்தரகர்) வழியாகத்தான் போக வேண்டும். அவர்களுக்குக் கட்டணம் கட்டுவதை நிறுத்தினால் பாட்டை எடுத்துவிடுவார்களா என்பதைச் சேரும்போதே கேளுங்கள்.

நீங்கள் எழுதி இசையமைத்த பாட்டு வெளியாகிவிட்டால் ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம்) உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, எழுதியவரின் ராயல்டி பங்கை ஒரு கம்பெனி ஒப்பந்தம் போட்டு மொத்தமாக வாங்கிக்கொள்ள முடியாது. ‘எல்லா உரிமையும் எங்களுக்கே’ என்று யாராவது தாள் நீட்டினால் இதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

குறும்வீடியோக்களுக்காகப் பாட்டுகள் சுருங்குவதையும் கவனித்திருப்பீர்கள். ஹூக் (திரும்பத் திரும்ப வரும் வரி) எடுத்ததுமே வருகிறது. அந்தப் பதினைந்து வினாடி ஆளைக் கூட்டிவரும். கூட்டம் நிற்பதும் போவதும் அடுத்த பதினாறு வரியைப் பொறுத்தது. ஆகவே ஹூக்கை மட்டும் செய்து நிறுத்திவிடாதீர்கள்.

அப்படியானால் ஸ்டுடியோவுக்குப் போகவே வேண்டாமா?

வேண்டும், ஆனால் கடைசியில். போனில் நாலைந்து பாட்டு முடித்து, அதில் ஒன்றைத் தெரியாதவர்களும் கேட்டுவிட்டு அனுப்பச் சொன்னால், அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். குரல், தாளம், மற்ற ஒலிகள் எல்லாவற்றையும் ஆப்பிலிருந்து தனித்தனி வேவ் ஃபைலாக (சுருக்கப்படாத முழுத் தரப் பதிவு) எடுத்துப் போங்கள். அங்கே யோசிப்பதற்கு வாடகை கொடுக்க வேண்டாம். என்ன வேண்டும் என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.